பவுடர் ஸ்னோ: பொடிப்பனியா, புழுதிப்பனியா?

காஷ்மீரின் குல்மர்க்கில் பனிச்சறுக்கச் சென்றிருப்பவர் காலையில் எழுந்ததும் நான்கு செய்திகளைத் தேடுவார். இரவில் எத்தனை செண்டிமீட்டர் பனி பெய்தது, மலையுச்சியில் வெப்பநிலை என்ன, காற்று எப்படி வீசுகிறது, ‘பவுடர்’ இருக்கிறதா என்பவையே அவை. முதல் மூன்றையும் தமிழில் எழுதுவதில் சிக்கல் இல்லை. நான்காவதைப் பெரும்பாலோர் ‘பவுடர்’ என்றே எழுதிவிடுகின்றனர். மொழிபெயர்க்கத் துணிந்தவர்கள் ‘பொடிப்பனி’ என்கின்றனர். அந்த மொழிபெயர்ப்பு பொருந்துமா என்று பார்ப்பதே இக்குறிப்பின் நோக்கம்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பவுடர் என்பது வானிலிருந்து விழும் பனியின் ஒரு வகை அன்று. விழுந்த பனி தரையில் கிடக்கும் நிலை. புதிதாகப் பெய்து, ஈரம் குறைந்து, காற்றாலும் வெயிலாலும் மிதியாலும் இறுகாமல், படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தளர்ந்து கிடக்கும் வெண்பனியே பவுடர். கையில் அள்ளி உருட்டினால் அது உருண்டை பிடிக்காது, ஊதினால் பறந்துவிடும். இப்படிக் கிடக்கும் பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோகிராம் வரைதான் இருக்கும். இயந்திரத்தால் அழுத்திச் சீர்செய்த சறுக்குத்தடத்திலோ அதே கன மீட்டர் 400 முதல் 500 கிலோகிராம் வரை எடையேறும். பனிக்கட்டியின் எடை ஏறத்தாழ 917 கிலோகிராம். எனவே பவுடரில் பெரும்பகுதி காற்றுதான். சறுக்குவோர் முழங்கால் வரை புதைந்து மிதப்பதுபோல் இறங்குவதும், அதற்கென்றே அகன்ற ஸ்கீப் பலகைகளைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான்.

முன்னறிவிப்பில் இச்சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. வானிலைக் கணிப்பு முதலில் தருவது விழவிருக்கும் நீரின் அளவை. அதைப் பனியின் ஆழமாக மாற்றுவது அடுத்த கட்டம். வழக்கமான கணக்கில் 10 மில்லிமீட்டர் நீர் 10 செண்டிமீட்டர் பனியாகும். குளிர் மிகுந்து பனி உலர்ந்திருந்தால் அதே நீர் 15 அல்லது 20 செண்டிமீட்டர் பவுடராக எழும்பி நிற்கும். வெப்பநிலை சுழியத்தை ஒட்டியிருந்தால் பனி கனத்து, ஈரமாகி, ஆழமும் குறைந்துவிடும். மேகத்தினுள் மைனஸ் 15 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரில்தான் கிளைவிட்ட விண்மீன் வடிவப் படிகங்கள் செழித்து வளர்கின்றன. அக்கிளைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு இடையில் காற்றைச் சிறைப்பிடிக்கின்றன. வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் ஏற்பப் படிகத்தின் வடிவம் மாறுவதை ஆராய்ந்து காட்டியவர் ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா. 1936இல் ஹொக்கைடோவில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தவரும் அவரே.

குல்மர்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி. பெயரில் உள்ள ‘மர்க்’ காஷ்மீரில் மலைப்புல்வெளியைக் குறிக்கும். நம்முடைய ‘மார்க்க’த்தோடு அதற்குத் தொடர்பில்லை. அங்கிருந்து கேபிள் கார் இரண்டு கட்டங்களாக ஏறி, அபர்வட் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் கிழக்கு நோக்கி நகரும் காற்றழுத்தக் குலைவுகள்தாம் இங்கே பனியைக் கொண்டுவருகின்றன. ஒரே நாளில் கீழே ஈரப்பனியும் மேலே பவுடருமாகக் கிடப்பது உண்டு. ஆகவே உயரத்தைச் சொல்லாமல் ‘பவுடர்’ என்று மட்டும் சொல்லும் அறிவிப்பு அரைகுறையானது. அந்தக் குலைவுகள் வராமல் போனால், டிசம்பர் 21இல் தொடங்கி நாற்பது நாள் நீளும் ‘சில்லை கலான்’ என்னும் கடுங்குளிர்க் காலத்திலும் தரை காய்ந்து கிடக்கும். 2024 ஜனவரியின் முதற்பாதியில் குல்மர்க் அப்படித்தான் கிடந்தது.

இனி, சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘புல்விஸ்’ என்றால் தூசி, புழுதி. அது பழைய பிரெஞ்சில் ‘பூத்ர்’ என்றாகி, ஆங்கிலத்துக்குப் போய்ப் ‘பவுடர்’ ஆயிற்று. ஜெர்மானியர் லத்தீன் வடிவத்தை ஒட்டிப் ‘புல்ஃபர்ஷ்னே’ என்கின்றனர். பிரெஞ்சுக்காரர்கள் ‘பூத்ரேஸ்’ என்கின்றனர். ஜப்பானியரிடம் மாவையும் பொடியையும் குறிக்கும் ‘கொன’ என்ற சொல்லால் ஆன ‘கொனயுகி’ என்னும் அழகிய சொல் இருக்கிறது. ஆயினும் அவர்களுடைய சறுக்குத்தளங்களில் ‘பவுதா’ என்ற கடன்சொல்லே பெரிதும் புழங்குகிறது. இந்த நிலை நமக்குப் புதிதன்று.

‘புல்விஸ்’, ‘புழுதி’ ஆகியவற்றின் ஒலியொப்புமையைக் கண்டு ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று எழுதும் ஆர்வம் சிலருக்கு எழக்கூடும். அதற்குச் சான்று இல்லை. சொல்லாராய்ச்சியில் ஒலியை நம்பி இறங்குவது பவுடரில் பலகையின்றி இறங்குவதற்கு ஒப்பாகும். மாறாக, ஒலி சிறிதும் ஒவ்வாத ‘ஸ்கீ’யும் ‘சிரச்சேத’த்தில் உள்ள ‘சேத’மும் உறவுடையவை: ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியில் ‘ஸ்கீத்’ என்பது பிளந்தெடுத்த மரத்துண்டு; வெட்டுதல், பிளத்தல் என்னும் பொருளுள்ள அதன் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்தே சமஸ்கிருதத்தின் ‘சித்’ என்ற வினையும் கிளைத்தது.

தமிழ் இணைக்கு வருவோம். ‘பனி’ என்ற பகுதியிலேயே ஒரு தடை இருக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்னும்போது நாம் நினைப்பது புல்நுனி நீரையும் குளிரையும்தான். அதே சொல் இமயத்துப் பனியையும் பழங்காலம் முதலே குறித்து வந்திருக்கிறது. புறநானூற்றின் ஆறாம் பாட்டு இமயத்தைப் ‘பனிபடு நெடுவரை’ என்கிறது. ஆகவே சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. ஐயம் எழும் இடங்களில் ‘வெண்பனி’ என்று தெளிவுபடுத்தினால் போதும்.

முன்னொட்டுதான் உண்மையான சிக்கல். ‘தூள்’ பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் இலக்கணப்படி புணர்த்தினால் ‘தூட்பனி’ என்றாகி யாருக்கும் புரியாமல் போகும். அதோடு, மிளகாய்த்தூளும் காப்பித்தூளும் அரைத்தோ இடித்தோ ஆக்கப்பட்டவை. பவுடரை யாரும் இடிப்பதில்லை. ‘துகள்’ ஒற்றை நுண்பொருளை நினைவூட்டுகிறது. அறிவியல் தமிழ் அதை அணுத்துகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டது. ‘பொடி’ எளிமையானது, புணர்ச்சியும் இயல்பானது. ஆனால் பொடிமீன், பொடிமணல், பொடியன் என்னும் வழக்குகளில் அது சிறுமையைக் குறிக்கிறது. ‘நாளை பொடிப்பனி பெய்யும்’ என்று படிக்கும் தமிழர், தூறல்போல் சிறிதளவு பனி விழும் என்றே எண்ணுவார். ஒரே இரவில் அரை மீட்டர் குவியப்போவதைச் சொல்லும் முன்னறிவிப்பு இப்படிப் புரிந்துகொள்ளப்பட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

என் தேர்வு ‘புழுதிப்பனி’. புழுதி என்றால் தெருவில் பறந்து துணியில் படியும் அழுக்கு என்று நகரத்துக் காது கேட்கும். அது தூசி. உழவர் மொழியில் புழுதி என்பது உழுது, கட்டி உடைந்து, உலர்ந்து, காற்றோட்டத்தோடு தளர்ந்து கிடக்கும் மண். மழைக்கு முன்பே அந்த உலர்மண்ணில் விதைப்பதைப் புழுதி விதைப்பு என்பார்கள். ஒரு தொடி எடைப் புழுதி கால் தொடியாகக் காயும்படி உழுதுவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று திருக்குறள் 1037இல் சொல்கிறது. உலர்வு, தளர்வு, எடைக்குறைவு என்று பவுடருக்கு வேண்டிய மூன்று இயல்புகளும் அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளன. லத்தீன் வேர்ச்சொல்லின் பொருளும் இதுவே. மேலும், புழுதி பெய்வதில்லை, கிடக்கிறது. பவுடரும் ஒரு நிலைதான் என்பதை இந்தச் சொல் இயல்பாகவே உணர்த்துகிறது.

வயலுக்குள் நுழைந்துவிட்டால் மற்றச் சொற்களும் அங்கேயே கிடைக்கின்றன. பகலில் உருகி இரவில் உறைந்து, காலடி வைத்தால் நொறுங்கும் மேலோட்டைப் பொருக்குப்பனி எனலாம். காய்ந்த சேற்றில் பொருக்கு எழுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மார்ச்சு வெயிலில் உருகியும் உறைந்தும் மணிமணியாகத் திரளும் பனியை ஆங்கிலேயர் தானியமணியோடு ஒப்பிடுகின்றனர், நமக்குக் குருணைப்பனி. ‘பனிச்சரிவு’ என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பனி பெயர்ந்து சரியும் பேரிடருக்கே அதை ஒதுக்கிவைத்து, சறுக்கும் இடத்தைத் தடம் என்றோ சாய்வு என்றோ எழுதுவது நல்லது. பழைய பொருக்கின்மேல் புதிய பனி கனமாகக் குவியும்போதும், காற்று அதைப் பாளமாக இறுக்கும்போதும் அந்தச் சரிவு நேர்வதுண்டு. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வட் சாய்வில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டுச் சறுக்குவீரர் இருவர் இறந்தனர். இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் ஏற்றி எழுதும் அறிவிப்பு ஆளைக் கொல்லவும் கூடும்.

இச்சொற்களைக் கொண்டு மார்ச்சு மாதத்து அறிவிப்பு ஒன்றை மாதிரிக்கு எழுதிப் பார்க்கலாம்: ‘அபர்வட் உச்சியில் நேற்றிரவு 30 செண்டிமீட்டர் புதுப்பனி, வடக்கு நோக்கிய சாய்வுகளில் நண்பகல் வரை புழுதிப்பனி நீடிக்கும். கீழ்த்தடங்களில் காலையில் பொருக்கு, வெயில் ஏறியபின் குருணை. மேற்சாய்வுகளில் பனிச்சரிவு அபாயம் உண்டு.’