பழைய கதவை வீட்டுக்குள் கொண்டுவரும் முன்

போன வருஷம் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டு வேலை. வீடு புதுசு, ஆனால் உள்ளே நுழைந்தால் கிராமத்து வீடு மாதிரி இருக்க வேண்டும் என்பது வீட்டுக்கார அக்காவின் ஆசை. திண்ணை, ஊஞ்சல், உருளி என்கிற அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிடும் பூ, ஓலைக் கடவம் எல்லாம் பட்டியலில் இருந்தன. அதோடு எங்கேயோ இடித்த பழைய வீட்டிலிருந்து பச்சை பெயின்ட் அடித்த ஒரு ஜோடிக் கதவையும் வாங்கி வைத்திருந்தார். நான் போன நேரம் ஆசாரி கார் ஷெட்டில் அந்தக் கதவைப் படுக்கப்போட்டு மெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தார், பச்சைப் பொடி பனி மாதிரி படர்ந்திருந்தது, நாலு அடி தள்ளி அதே தரையில் உட்கார்ந்து அக்காவின் ரெண்டு வயசுப் பேரன் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். முதலில் பையனைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன், அப்புறம் மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

"பெயின்ட்டுப் பொடிதானே சாரே, தண்ணி ஊத்தினா போயிரும்" என்றார் ஆசாரி. முப்பது வருஷமாக மர வேலை செய்கிறவர். அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். பழைய எண்ணெய் பெயின்டுகளில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் காரீயம் (இங்கிலீஷில் லெட்) சேர்த்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு என்று கண்ணைப் பறிக்கிற நிறங்களில்தான் அது அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016இல் விதி வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. அதற்கு முன்னால் அடித்த எந்த எண்ணெய் பெயின்ட்டிலும் காரீயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நான் வேலை பார்க்கிறேன். சந்தேகமாக இருந்தால் ஒரு சிம்பு பெயின்ட்டைச் சுரண்டி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

இதைச் சொன்னதும் அக்கா கேட்டது: "எங்க பாட்டி ஈயச் சொம்பிலதானே ரசம் வச்சா, எங்களுக்கு என்ன ஆச்சு?" நிறையப் பேர் கேட்கிற கேள்வி. ரசச் சொம்பு வெள்ளீயம், பெயின்ட்டில் இருப்பது காரீயம். பெயரில்தான் ஒட்டு, இரண்டும் வேறு வேறு உலோகம். (சொம்பும் சுத்த வெள்ளீயமா, காரீயம் கலந்ததா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும், அது தனிக் கதை.)

காரீயத்தில் இவ்வளவுக்குள் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவு கிடையாது, உலக சுகாதார நிறுவனம் அப்படித்தான் சொல்கிறது. வயிற்றுக்குள் போகிற அதே காரீயத்தில் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சி, படிப்பு, கவனம் எல்லாம் அடிபடும். பெரும்பாலும் வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது, அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் மட்டும்தான் தெரியும், ஒரு டெசிலிட்டரில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும். பேரனைக் குழந்தை டாக்டரிடம் காட்டி இந்தச் சோதனை பற்றிக் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கு அங்கிருந்து கிளம்பினேன்.

இப்போது இன்னொரு மோகம் வந்திருக்கிறது. பெயின்ட் பாதி உரிந்து செதில் செதிலாக நிற்கும் கதவை அப்படியே சுவரில் சாய்த்து வைப்பது, அதையே டைனிங் டேபிள் ஆக்குவது. போட்டோவில் பிரமாதமாக இருக்கும். ஆனால் தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் இதைவிட மோசமான அலங்காரப் பொருளை நான் பார்த்ததில்லை, உதிர்கிற ஒவ்வொரு செதிலும் தரைக்கு வரும், தரையிலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. பெயின்ட் உறுதியாக ஒட்டியிருக்கிற கதவு என்றால் சீண்டாமல் மேலே ஒரு கோட் கிளியர் வார்னிஷ் அடித்து மூடிவிடுங்கள், திறந்து மூடும்போது உரசுகிற இடமாக மட்டும் இருக்கக்கூடாது.

பெயின்ட்டை எடுத்தே ஆக வேண்டுமென்றால் வீட்டை விட்டுத் தள்ளி, கீழே பாலித்தீன் விரித்து, ரிமூவர் தடவி, ஊறியதும் ஈரத்தோடு சுரண்டுங்கள். காய்ந்த பெயின்ட்டை மெஷினால் தேய்க்கவே கூடாது. தீப்பந்தம் மாதிரி டார்ச் வைத்து எரிப்பது அதைவிட மோசம், புகையிலேயே காரீயம் வரும். துண்டை மூக்கில் கட்டுவதால் பயனில்லை, குறைந்தது என்95 மாஸ்க் வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஆசாரி அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கக்கூடாது, இதையும் சொல்லுங்கள், நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வது? சுரண்டின கழிவைத் தென்னை மூட்டில் கொட்டாதீர்கள். நம்ம ஊரில் பாதி வீடுகளில் கிணறு இருக்கிறது, மண்ணில் விழுந்த காரீயம் அங்கேயேதான் கிடக்கும்.

அடுத்தது மரம். பழைய கதவின் அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளிலிருந்து மாவு கொட்டியிருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது, மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கிலும் அயினியிலும் இது குறைவு, வெள்ளைப் பகுதிதான் மாட்டும். ரப்பர் மரச் சாமானை நாட்டு மரம் என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது. போராக்ஸ் மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தை வண்டு சீக்கிரமே பிடித்துவிடும். அந்த மருந்தும் பெயின்ட்டுக்கு மேல் தடவினால் இறங்காது, பெயின்ட் இல்லாத வெறும் மரத்தில்தான் ஊறும். அப்படியானால் பெயின்ட்டை எடுக்க வேண்டும், திரும்பவும் அதே காரீயக் கதை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருளித் தண்ணீரை வாரம் ரெண்டு தடவை கொட்டி ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு கொசு அந்த ஓரத்தில்தான் முட்டையிடும். ஊஞ்சல் கொக்கியைக் கான்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், பிறகு துளைபோட்டு போல்ட் இறக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

காரைக்குடி வரை போய்த் தூணும் கதவும் வாங்கி வருகிறார்கள் நம்ம ஊர்க்காரர்கள். போகட்டும். ஆனால் பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்தில்தானே இருக்கிறது, திங்கள்கிழமை தவிர்த்து ஒருநாள் போய் அங்கே மரத்தை எப்படி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தூணிலும் உத்தரத்திலும் செதுக்கு வேலையும் மரத்தின் நிறமும்தான் கண்ணில் படும்.

அக்காவின் கதவுக்கு வருகிறேன். ரிமூவர் போட்டு மூன்று நாள் சுரண்டினோம், அடியில் நல்ல மஞ்சள் அயினி. நான் எண்ணெய் மட்டும் பூசி விடலாம் என்றேன். அக்காவுக்கோ பச்சை போன வருத்தம் தாங்கவில்லை. கடைசியில் காரீயம் சேர்க்காதது என்று டப்பாவில் அச்சிட்ட பெயின்ட்டாகப் பார்த்து அதே பச்சையை வாங்கி அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு, ஆசாரி மாஸ்க் மாட்டிக்கொண்டு விளிம்புகளை மட்டும் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கிக் கொடுத்தார்.