ஸ்பூல் என்றால் சுருள் அல்ல, தேக்கம்

யூனிக்ஸ் கணினியில் நெட்வொர்க் பிரிண்டர் அமைக்கச் சொல்லித்தரும் தமிழ்க் குறிப்புகளில், அச்சுக்கு அனுப்பிய கோப்புகள் காத்திருக்கும் இடமான 'ஸ்பூல் டைரக்டரி'யைச் 'சுருள் அடைவு' என்று எழுதுகிறார்கள். புதிதாகப் படிப்பவர் அங்கே எது சுருண்டிருக்கிறது என்றுதான் தேடுவார்.

ஸ்பூல் என்பது முதலில் நூல் சுற்றும் உருளை, பிறகு காந்த நாடா சுற்றும் உருளை. 1960-களில் ஐபிஎம் 7090 என்ற பெரிய கணினி தன் வெளியீட்டை நாடாவில் எழுதிவிடும். அந்த நாடாவைச் சிறிய கணினியான 1401-இல் மாட்டி அச்சடிப்பார்கள். வட்டு வந்ததும் உருளை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. போன உருளையை மொழிபெயர்த்து என்ன பயன்?

செய்யும் வேலையைப் பாருங்கள். கோப்பு நொடியில் வந்து சேரும், பிரிண்டர் மெதுவாகத்தான் அச்சடிக்கும். ஒரே இரவில் வரும் வெள்ளத்தை ஏரி வாங்கி வைத்து, மடை வழியே அளவாக விடுகிறதே, அதே வேலைதான். ஆகவே அச்சுத் தேக்கம், தேக்க அடைவு. தேக்கம் என்றால் வேலை முடங்கிக் கிடப்பது அல்லவா என்பார்கள். நீர்த்தேக்கம் என்னும்போது யாரும் அப்படி நினைப்பதில்லையே! 'வரிசை'யும் சரிவராது; அது தேக்கத்துக்குள் பணிகள் நிற்கும் முறை, அதாவது கியூ.

சொல் சரியாக இருந்தால் அமைப்பும் விளங்கும். பிரிண்டர்களின் அமைப்பை எழுதிவைக்கும் பிரிண்ட்கேப் கோப்பில் எஸ்டி (sd) என்ற இடத்தில் குறிப்பது தேக்க அடைவு. இரண்டு பிரிண்டருக்கு ஒரே அடைவைக் கொடுத்தால் பணிகளும், பயன்பாட்டில் இருப்பதைக் காட்டும் பூட்டுக் கோப்பும் ஒன்றோடொன்று மோதும். ஆளுக்கொரு தேக்கம் வேண்டும். அதே கோப்பில் எம்எக்ஸ் (mx) என்பது தேக்கம் ஏற்கும் கோப்பின் உச்ச அளவு. பெர்க்லி யூனிக்ஸின் பழைய அச்சு நிரலான எல்பிடியில் (lpd) எதுவும் குறிக்காவிட்டால் 1000 தொகுதிதான் (பிளாக்), பெரிய படக் கோப்பு முழுதாக உள்ளே வராது. 0 என்று போட்டால் வரம்பில்லை.

பெரிய குழப்பம் 'முடக்கு' என்ற சொல்லில் இருக்கிறது. பெர்க்லியில் பிரிண்டரைக் கட்டுப்படுத்தும் எல்பிசி (lpc) கட்டளையில் 'டிசேபிள்' கொடுத்தால் புதுப்பணி உள்ளே வராது, உள்ளே இருப்பவை அச்சாகும். யூனிக்ஸின் இன்னொரு கிளையான சிஸ்டம் ஃபைவில் அதே 'டிசேபிள்' அச்சை நிறுத்தும், புதுப்பணி வந்துகொண்டே இருக்கும். இரண்டையும் 'முடக்கு' என்றே எழுதும் மொழிபெயர்ப்பாளர் கட்டளையை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்திருப்பாரா? முதலாவது வரத்து வழியை அடைப்பது, இரண்டாவது மடையை அடைப்பது. டோனர் மாற்றும்போது மடையை மட்டும் அடைத்தால் போதும். பிரிண்டரையே எடுத்துவிடுவதானால் வரத்து வழியை முதலில் அடைத்து, உள்ளதை வடியவிட வேண்டும்.