வெள்ளிக் கோட்டின் நிழல்

சோலார் பேனல் ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், கருநீலப் பரப்பின் மேல் மயிரிழை போன்ற வெள்ளிக் கோடுகள் வரிசையாக ஓடுவது தெரியும். வெளிச்சம் பட்டு சிலிக்கானுக்குள் விடுபடும் எலக்ட்ரான்களை வெளியே கொண்டுவருவது இந்தக் கோடுகள்தான். பேனலில் உள்ள ஒவ்வொரு சிலிக்கான் தகடும் ஒரு செல். செல்லின் மேலடுக்கில் மின்தடை அதிகம் என்பதால் எலக்ட்ரான்களால் அதில் நெடுந்தூரம் போக முடியாது. பக்கத்திலேயே ஒரு கோடு இருந்தாக வேண்டும். ஆனால் கோடு இருக்கும் இடத்தில் வெயில் உள்ளே போகாது. கோடுகளைக் கூட்டினால் நிழல் கூடும். குறைத்தால் மின்சாரம் வழியிலேயே வெப்பமாகி வீணாகும்.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. கோட்டின் மின்தடையை அகலம், உயரம் இரண்டும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நேராக விழும் வெயிலில் நிழலைத் தீர்மானிப்பதோ அகலம் மட்டும்தான். அகலத்தைப் பாதியாக்கி உயரத்தை இரட்டிப்பாக்கினால் அதே வெள்ளி, அதே மின்தடை, பாதி நிழல். அதாவது, ஒவ்வொரு கோட்டையும் ஒரு சுவர் மாதிரி எழுப்ப வேண்டும். அடுக்கின் மேல் அடுக்காகப் பொருளைச் சேர்க்கும் முப்பரிமாண அச்சு இங்கேதான் தேவைப்படுகிறது.

தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக நடப்பது ஸ்கிரீன் பிரின்டிங். வெள்ளித்தூள், கண்ணாடித்தூள், கரிமத் திரவம் கலந்த பேஸ்ட்டை நுண்வலையின் மேல் ஒரு பட்டையால் வழித்துத் தகட்டில் இறக்கி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் கண்ணாடி உருகி, நீல நிறம் தரும் சிலிக்கான் நைட்ரைடு படலத்தை அரித்து, வெள்ளி சிலிக்கானைத் தொட வழிவிடுகிறது. எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகவும் பிடித்த இடம் இது. ஆனால் வலையின் இழைகள் குறுக்கிடும் இடங்களில் கோடு மெலிந்துவிடும், ஓரங்களில் பேஸ்ட் பரவும். மெலிந்த இடத்தில் மின்சாரம் திணறும்.

வலையை விட்டுவிட்டு, நுண்ணிய மூக்கு வழியாகப் பேஸ்ட்டை நேரடியாகப் பிதுக்கினால் கோடு ஒரே சீராக அமைகிறது. இதற்குப் பேஸ்ட்டின் குணம் முக்கியம். துளைக்குள் நெருக்கும்போது இளகி ஓட வேண்டும். வெளியே வந்த நொடியே இறுகி நிற்க வேண்டும். நின்றால்தான் கோடு உயரமாக இருக்கும். இன்னொரு நன்மை, வழிக்கும் பட்டையின் அழுத்தம் இல்லாததால் மெல்லிய சிலிக்கான் தகடு உடையும் அபாயம் குறைகிறது.

இங்க்ஜெட் முறையில் சொட்டுச் சொட்டாக அடுக்கலாம். அதன் மையில் மிதப்பவை வெள்ளியின் நானோ துகள்கள். வெள்ளி உருகுவது 962 டிகிரியில். ஆனால் நானோ துகளில் கணிசமான பங்கு அணுக்கள் மேற்பரப்பில் தளர்வாக இருப்பதால், 200 டிகிரிக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஹெட்டரோஜங்ஷன் செல்களும் (இருவகைச் சிலிக்கான் அடுக்குகள் சேர்ந்தவை) பெரோவ்ஸ்கைட் செல்களும் (சிலிக்கானுக்குப் பதில் வேறொரு படிகப் பொருளால் ஆனவை) கடும் சூட்டைத் தாங்காது என்பதால் அவற்றுக்கு இது பெரிய உதவி. மூக்கு அடைத்துக்கொள்வதுதான் ஓயாத தொல்லை.

சரி, மலிவான செம்பை அச்சிடலாமே? செம்பு அணுக்கள் சிலிக்கானுக்குள் ஊடுருவி எலக்ட்ரான்களை விழுங்கிவிடும். நிக்கல் போன்ற ஒரு தடுப்பு அடுக்கை முதலில் போட்டாக வேண்டும்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகத்தில் 2015-இல் நிழலை வேறு பக்கமிருந்து அணுகினார்கள். கோட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் வளைந்த பாலிமர் வடிவம் ஒன்றை லேசரால் முப்பரிமாணத்தில் எழுதினார்கள். கோட்டின் மேல் விழ வேண்டிய ஒளி அந்த வளைவில் திசை திரும்பி, பக்கத்துச் சிலிக்கானில் இறங்கியது. லேசரால் எழுதுவது மெதுவான வேலை. ஒரு முறை எழுதி, அதிலிருந்து ஒரு வார்ப்பச்சு எடுத்துக்கொண்டால், அப்புறம் அதை வைத்து முத்திரை குத்துவது போல வேகமாகப் பதித்துக்கொண்டே போகலாம்.