நுரையீரலுக்கு ஏன் மணிக்கட்டில் ஊசி?

அக்குபங்சர் மையங்களின் சுவரில் மாட்டியிருக்கும் ஐந்து வண்ண வட்டத்தைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: சீனர்களின் பஞ்சபூதமும் நம் ஐம்பூதமும் ஒன்றுதானா?

இல்லை. உலகம் எதனால் ஆனது என்ற கேள்விக்கு நம்மவர்கள் சொன்ன விடை நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். சீனப் பட்டியலில் இருப்பவை மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் அதில் கிடையாது. ஒன்று இன்னொன்றாக எந்த வரிசையில் மாறும், எது எதை அடக்கும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. தமிழில் சிலர் மரத்தை ஆகாயம் என்றும் உலோகத்தைக் காற்று என்றும் மாற்றி எழுதுகிறார்கள். மாற்றிய உடனே கணக்கு உடைந்துவிடுகிறது. உலோகம் மரத்தை வெட்டும். காற்று ஆகாயத்தை என்ன செய்யும்?

இந்த ஐந்தையும் ஒரு முழுத் தத்துவமாகக் கட்டியவர் என்று அறியப்படுபவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் சௌ யான். அவருடைய அக்கறை அரசியல். ஒவ்வோர் அரச வம்சமும் இந்த ஐந்தில் ஒரு கட்டத்தின் பலத்தால் எழுகிறது, அதை அடக்கும் அடுத்த கட்டத்தால் விழுகிறது என்றார். கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் பேரரசர் இதை அப்படியே ஏற்றுக்கொண்டார். முந்தைய சோ வம்சம் நெருப்பு, ஆகவே தம்முடையது நீர் என்று அறிவித்து, கறுப்பை அரசு நிறமாகவும் 6ஐ அரசு எண்ணாகவும் ஆக்கினார். அடுத்து வந்த ஹான் காலத்தில்தான் ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்ற மருத்துவ நூல் தொகுக்கப்பட்டது. அரசாட்சிக்குச் செய்த அதே சட்டத்தை அது உடம்பின் மேல் வைத்தது. அதில் இதயம் அரசன், நுரையீரல் அமைச்சர், கல்லீரல் படைத்தளபதி, மண்ணீரலும் இரைப்பையும் தானியக் களஞ்சிய அதிகாரிகள்.

கல்லீரல் மரம், இதயம் நெருப்பு, மண்ணீரல் மண், நுரையீரல் உலோகம், சிறுநீரகம் நீர். இவற்றுக்கு இடையே இரண்டு சுற்றுகள் ஓடுகின்றன. ஆக்கும் சுற்றில் மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும், மண் உலோகத்தைத் தரும், உலோகத்தின் மேல் நீர் துளிர்க்கும், நீர் மரத்தை வளர்க்கும். அடக்கும் சுற்றில் மரம் மண்ணைப் பிளக்கும், மண் நீரைத் தடுக்கும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும்.

இதுவரை வெறும் தத்துவம். இதைச் சிகிச்சையாக மாற்றும் விதி ‘நான் ஜிங்’ என்ற நூலில் இருக்கிறது. 81 சிக்கல்களும் அவற்றுக்கான விடைகளுமாக அமைந்த நூல் அது. 69ஆம் சிக்கலில் விதி வருகிறது: குறைந்திருந்தால் தாய்க்கு ஊட்டு, மிகுந்திருந்தால் சேயை வடி. ஆக்கும் சுற்றில் வளர்ப்பது தாய், வளர்வது சேய். பழைய மருத்துவ நூல்களில் இவ்வளவு சிக்கனமான விதியைக் காண்பது அரிது.

நுரையீரலை வைத்தே பார்க்கலாம். உறுப்புக்கு ஒன்றாக உடம்பில் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் ஒவ்வோர் ஓடுபாதையிலும் விரல் நுனிக்கும் முழங்கைக்கும் நடுவே (காலில் என்றால் முழங்காலுக்கு நடுவே) ஐந்து சிறப்புப் புள்ளிகள் உண்டு. அவற்றுக்குக் கிணறு, சுனை, ஓடை, ஆறு, கடல் என்று பெயர். நுரையீரல் பாதையில் கிணறு கட்டைவிரல் நக மூலையில், அது மரம். சுனை கட்டைவிரல் மேட்டில், நெருப்பு. ஓடை மணிக்கட்டு மடிப்பில் கட்டைவிரல் பக்கம், நாடி துடிக்கும் குழியில், மண். ஆறு அதிலிருந்து 1 சுன் (சீன அளவு) மேலே, உலோகம். கடல் முழங்கை மடிப்பில், புயத் தசைநாணின் கட்டைவிரல் பக்கம், நீர். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை 12 சுன் என்று வைத்துக்கொள்வார்கள். ஆகவே சுன் என்ற அளவு அவரவர் கைக்கு ஏற்ப மாறும்.

நுரையீரல் உலோகம். உலோகத்தின் தாய் மண். நுரையீரல் பலவீனம் என்றால் மணிக்கட்டின் மண் புள்ளி; அதன் பெயர் தைய்யுவான். உலோகத்தின் சேய் நீர். இருமலும் சளியும் மிகுதி என்றால் முழங்கையின் நீர்ப் புள்ளி; அது சீசே. தைய்யுவானில் ஊசி 0.3 முதல் 0.5 சுன் வரைதான் போக வேண்டும். அடியிலேயே ஆரத் தமனி இருப்பதால், முதலில் விரலால் துடிப்பைத் தொட்டறிந்து தமனியை ஒதுக்காமல் குத்தினால் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது பெருங்குடல் பாதையில். நுரையீரலின் இணையான அதுவும் உலோகம், ஆகவே தேவை மண் புள்ளி. நுரையீரலில் மூன்றாவது புள்ளி மண் என்பதால் இங்கும் மூன்றாவதைத் தேடுவார்கள். அது தவறு. நுரையீரல் போன்ற யின் பாதைகளின் கிணறு மரத்தில் தொடங்கும். பெருங்குடல் போன்ற யாங் பாதைகளின் கிணறு உலோகத்தில் தொடங்கும். ஆகவே பெருங்குடலின் மூன்றாவது புள்ளி மரம். மண் புள்ளி முழங்கையில் இருக்கும் ஐந்தாவது.

இப்போது அந்த ஐந்து பெயர்களை மறுபடி பாருங்கள். கிணற்றில் ஊறிய நீர் கடைசியில் கடலைச் சேர்கிறது, அதாவது விரலிலிருந்து முழங்கையை நோக்கி. ஆனால் ‘நெய்ஜிங்’ சொல்லும் நுரையீரல் பாதை உடலின் நடுவே தொடங்கிக் கட்டைவிரலில் முடிகிறது. ஓட்டத்தின் திசை ஒன்று, புள்ளிகளின் திசை அதற்கு நேர் எதிர்!

இந்த முரண்பாட்டுக்கு விடை மண்ணுக்கடியிலிருந்து வந்தது. கி.மு. 168இல் மூடப்பட்ட, சீனாவின் மவாங்துய் கல்லறை ஒன்றை 1973இல் திறந்தபோது பட்டில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. அவற்றில் பாதைகள் இன்று சொல்லும் 12 அல்ல, 11. ஒரு ஏட்டில் அத்தனை பாதைகளும் கை கால் நுனியில் தொடங்கி உடலை நோக்கி வருகின்றன. ஒன்றோடொன்று இணைந்த சுற்றாக அவை ஓடவில்லை. குத்தும் புள்ளிகளுக்குப் பெயரும் இல்லை. கிணறு முதல் கடல் வரையிலான வரிசை அந்தப் பழைய படத்தின் எச்சமாகத் தெரிகிறது. முனையற்ற வளையமாக ஓடும் ஓட்டம் பிறகு அதன் மேல் ஏற்றப்பட்டது.

12ஆவதாகச் சேர்ந்தது இதய உறையின் பாதை. 12 மாதம், 12 பெரிய ஆறுகள் என்று வானத்தோடும் மண்ணோடும் உடம்பு ஒத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் ‘நெய்ஜிங்’ முழுக்க இருக்கிறது. அந்த ஒத்திசைவுக்காகவே 12 நிறைவு செய்யப்பட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன். அதன் விலையும் தெரிகிறது. ஐந்தில் பன்னிரண்டு அடங்காது. ஆகவே மற்ற நான்கு கட்டங்களுக்கும் இரண்டிரண்டு பாதைகள், நெருப்புக்கு மட்டும் நான்கு: இதயம், சிறுகுடல், இதய உறை, மூவெப்ப மண்டலம் (உடற்பகுதியை மூன்றாகப் பிரித்துச் சீன மருத்துவம் சொல்லும் தனி ‘உறுப்பு’).

இதைவிடப் பெரிய விஷயம், உறுப்புகளுக்கான ஒதுக்கீடே ஒரு காலத்தில் வேறாக இருந்தது. கி.மு. 239 வாக்கில் தொகுக்கப்பட்ட ‘லியூஷி சுன்ச்சியூ’ என்ற தொகைநூல் சொல்லும் பலிச் சடங்குகளில் வசந்தத்துக்கு மண்ணீரல், கோடைக்கு நுரையீரல், நடுவுக்கு இதயம், இலையுதிர் காலத்துக்குக் கல்லீரல், குளிருக்குச் சிறுநீரகம். வசந்தம் மரம், கோடை நெருப்பு, நடு மண், இலையுதிர் காலம் உலோகம், குளிர் நீர். அதாவது நுரையீரல் நெருப்பு, கல்லீரல் உலோகம். கி.பி. 2ஆம் நூற்றாண்டு அறிஞர் செங் சுவான் இதற்குக் காரணம் சொன்னார்: அது பலி விலங்கின் உடலில் உறுப்புகள் மேலும் கீழுமாக இருக்கும் இடத்தை வைத்துச் செய்தது, மருத்துவர்கள் புதிய ஒதுக்கீட்டை வைத்தே குணமாக்குகிறார்கள், அதைத் தலைகீழாக்கினால் நோயாளி சாகாவிட்டாலும் நோய் முற்றும்.

பழைய ஒதுக்கீட்டில் தாய்-சேய் விதியைப் போட்டுப் பாருங்கள். நுரையீரல் நெருப்பு என்றால் தாய் மரம். ஊசி மணிக்கட்டை விட்டுக் கட்டைவிரல் நக மூலைக்குப் போகிறது. விதி ஒன்றே, உள்ளீடு வேறு, இடமும் வேறு. எது சரி என்பதை விதியால் சொல்ல முடியாது. நோயாளிகளிடம் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

இதுவரை நடந்த சோதனைகள் பெரும்பாலும் வேறு கேள்வியையே கேட்டன. ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் பலன் கண்டவர்கள் முறையான அக்குபங்சரில் 47.6 சதவீதம், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசியில் 44.2, மருந்தும் உடற்பயிற்சியுமான வழக்கமான சிகிச்சையில் 27.4. ஊசி குத்துவதும் கவனிப்பும் எதிர்பார்ப்பும் சேர்ந்து ஏதோ செய்கின்றன. இடம் முக்கியம் என்பதற்கு இங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. ஐந்து கட்ட வட்டத்தைக் காட்டி இன்ஹேலரை நிறுத்தச் சொல்பவரிடம் யாரும் போகக் கூடாது.

மரபு மருத்துவ ஆய்வுக்கென்று பணம் ஒதுக்குபவர்கள் பொத்தாம்பொதுவாக ‘அக்குபங்சர் வேலை செய்கிறதா’ என்று கேட்பதை விட்டு இந்த ஒரே விதியைச் சோதிக்கலாம். மூச்சுக் கோளாறு உள்ளவர்களில் மூன்று குழுக்கள் போதும்: ஒன்றுக்கு மணிக்கட்டு, ஒன்றுக்கு முழங்கை, ஒன்றுக்கு நக மூலை. மருந்து மூவருக்கும் வழக்கம்போலத் தொடரும். புள்ளியைக் குறிப்பவர் ஒருவர். இந்தத் தத்துவமே தெரியாத, குறித்த இடத்தில் மட்டும் குத்தப் பழகிய செவிலியர் ஒருவர். யார் எந்தக் குழு என்று அறியாமல் மூச்சளவு எடுப்பவர் ஒருவர். குழந்தை மருத்துவர்களிடம்கூட இருக்கும் கையடக்க மூச்சளவுக் கருவிதான் இதற்குத் தேவை.