சேப்பியன்ஸ் என்றால் யார்?

முதலில் அந்தக் கடைசி 'ஸ்'ஸைத் தீர்த்துவிடுவோம், அது பன்மை இல்லை. மனித வரலாற்றைச் சொல்லும் யுவால் நோவா ஹராரியின் 'சேப்பியன்ஸ்' புத்தகத்தை ஊத்துக்கோட்டைப் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து படித்தபோது பாதிப் பேர் "ஒரு சேப்பியன், பல சேப்பியன்ஸ்" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். லத்தீனில் சேப்பியன்ஸ் என்பதே ஒருமைதான், 'அறிவுள்ள' என்று பொருள். ஹோமோ என்றால் மனிதன். இரண்டையும் சேர்த்து 1758இல் நமக்கு இந்தப் பெயரை வைத்தவர் சுவீடன்காரரான இயற்கை அறிஞர் லின்னேயஸ். வைத்தவரும் நம்மில் ஒருவர் என்பதால் பெயர் கொஞ்சம் தாராளமாகவே விழுந்துவிட்டது!

வேர்ச்சொல் 'சாப்பெரே'. அதற்கு ருசிப்பது என்றும் பொருள் உண்டு, அறிவது என்றும் உண்டு. இது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பிய மரபியலில் தொடுவுணர்வு முதல் அறிவு, நாக்கு இரண்டாவது, மனம் ஆறாவது. "மக்கள் தாமே ஆறறி வுயிரே" என்ற வரியை எங்களில் ஒருவர் சொல்லி, அப்படியானால் 'ஆறறிவு மனிதன்' என்றே வைத்துக்கொள்ளலாமே என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அழிந்துபோன இன்னொரு மனித வகையான நியாண்டர்தாலுக்கு ஐந்தறிவுதான் என்று யார் சொன்னது?

பெரிய சண்டை வந்தது 'மனிதன்' என்ற சொல்லில்தான். ஹராரி ஹோமோ வகை எல்லாரையுமே மனிதர் என்கிறார், நாமோ மனிதன் என்றால் நம்மை மட்டுமே நினைக்கிறோம். எங்கள் ஊருக்குத் தெற்கே, பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். அங்கே கிடைத்த கைக்கோடரிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை: குவார்ட்சைட் கல், இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, ஒரு முனை கூராக, மறுமுனை கையில் பிடிக்கத் தோதாக. "எங்க பாட்டன் பூட்டன் செஞ்சது" என்று பெருமையாகச் சொல்லி வளர்ந்த ஒருவருக்கு, நமக்குத் தெரிந்த மிகப் பழைய சேப்பியன்ஸ் எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை, அவற்றுக்கே 3 லட்சம் ஆண்டுதான் என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிட்டது. அந்தக் கோடரியைச் செய்தவர் மனிதர்தான், ஆனால் சேப்பியன்ஸ் இல்லை. வேறு யார் என்று அடித்துச் சொல்லும்படியான மனித எலும்பு அங்கே கிடைக்கவில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'மனித இனம்' வேண்டாம். இனம் என்ற சொல்லை மொழிக்கும் நிறத்துக்கும் சாதிக்கும்கூடப் போட்டுத் தேய்த்துவிட்டோம். பள்ளிப் பாடநூல்களே பேரினம், சிற்றினம் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஹோமோ பேரினம், ஹோமோ சேப்பியன்ஸ் அதில் ஒரு சிற்றினம். பொருளைச் சொல்ல 'அறிவுடை மனிதர்' போதும், 'மதி மனிதர்' என் காதுக்கு ஏதோ கட்சிப் பட்டம் மாதிரிக் கேட்கிறது. பேச்சில் சேப்பியன்ஸ் என்றே சொல்லுங்கள், தப்பில்லை. 'சேப்பியன்ஸ்கள்' மட்டும் வேண்டாம்.