25 மில்லிமீட்டர் என்றால் 50 நாள்: ஸ்கேன் தாளின் கணக்கு வந்த வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எடுத்தாலும் புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடியில் எடுத்தாலும், கர்ப்பிணியின் முதல் ஸ்கேன் தாளில் 'சி.ஆர்.எல்.' என்றொரு வரி இருக்கும். கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளம் அது. அந்த இடத்தில் 25 மில்லிமீட்டர் என்று இருந்தால், பக்கத்தில் ஏறக்குறைய 9 வாரம் 1 நாள் என்று வயது போட்டிருப்பார்கள். கூட வந்த மாமியார் கேட்கும் பிரசவத் தேதியும் அந்த நீளத்தை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. வயிற்றுக்குள் இருக்கும் ஒன்றின் நீளத்தை அளந்து அதன் வயதைச் சொல்ல மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்?

முதலில் ஒரு கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மருத்துவர்கள் கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உண்டாவதோ அதிலிருந்து சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆகவே தாளில் 64 நாள் என்றிருந்தால் கருவின் உண்மையான வயது சுமார் 50 நாள். கருவியல் ஆய்வாளர்கள் எண்ணுவது இந்த இரண்டாவது கணக்கை. இனி நானும் அதையே பின்பற்றுகிறேன்.

கோழிமுட்டையை நாளுக்கு ஒன்றாக உடைத்துக் குஞ்சு உருவாவதை அரிஸ்டாட்டில் பார்த்தார். விந்தணுவுக்குள் குட்டி மனிதன் சுருண்டு உட்கார்ந்திருப்பதாக 17-ஆம் நூற்றாண்டில் படமே வரைந்தார்கள். அப்படி எதுவும் இல்லை, உறுப்புகள் படிப்படியாக உருவாகின்றன என்று 1759-இல் காஸ்பர் ஃபிரெடெரிக் வோல்ஃப் வாதாடினார். பாலூட்டியின் சினைமுட்டையை ஒரு நாயின் உடலில் 1827-இல் கண்டறிந்தவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர். ஆனால் இவை எதுவும் மனிதக் கருவின் முதல் வாரங்களைக் காட்டவில்லை. கோழிமுட்டையைப் போல உடைத்துப் பார்க்க அது வெளியே கிடைக்காது.

வழி கண்டவர் லைப்சிக் நகரில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஹிஸ். கலைந்த கருக்களை மருத்துவர்களிடமிருந்தும் மருத்துவச்சிகளிடமிருந்தும் கேட்டு வாங்கினார். நுண்வெட்டுக் கருவியில் கடைப் பிரெட்டைப் போல அவற்றைத் துண்டு துண்டாகச் சீவினார். ஒவ்வொரு துண்டையும் பெரிதாக்கி வரைந்து, அந்த வரைபடங்களிலிருந்து முழு உருவத்தைத் திரும்பக் கட்டினார். பிறகு குஸ்டாவ் போர்ன் என்பவர் மெழுகுத் தகடு முறையைக் கொண்டுவந்தார். துண்டின் கனம் 0.02 மில்லிமீட்டர், படம் 50 மடங்கு பெரிது என்றால், 1 மில்லிமீட்டர் மெழுகுத் தகட்டில் அந்த வடிவத்தை வெட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு கரு, கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் அளவுக்கு எழுந்து நிற்கும். இந்த ஆய்வு வரலாற்றில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்தப் பொறுமைதான்.

ஹிஸ்ஸிடம் பயின்ற அமெரிக்கர் ஃபிராங்க்ளின் மால், பால்டிமோரில் கார்னெகி நிறுவனத்தின் கருவியல் துறையை 1914-இல் தொடங்கினார். நாடு முழுக்க மருத்துவர்கள் அவருக்குக் கருக்களை அனுப்பினார்கள். நீளத்திலிருந்து வயதைச் சொல்ல மால் ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார்: நீளத்தை மில்லிமீட்டரில் எடுத்து 100-ஆல் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். நம் 25-ஐப் போட்டால் 2500. அதன் வர்க்கமூலம் 50. நூறாண்டுக்கு முந்தைய சூத்திரம் இன்றைய ஸ்கேன் தாளோடு இந்த இடத்தில் அப்படியே ஒத்துப்போகிறது.

ஆனால் மிகச் சிறிய கருக்களில் அது தவறும். 4 மில்லிமீட்டர் கருவுக்கு 20 நாள் என்று விடை வரும். உண்மையில் அதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகியிருக்கும். கெடாமல் பாதுகாக்கும் திரவத்தில் கரு சுருங்கவும் செய்யும். மாலுக்குப் பின் வந்த ஜார்ஜ் ஸ்ட்ரீட்டர் இதனால்தான் நீளத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பிடித்துக்கொண்டார். கை மொட்டு தெரிகிறதா, கண்ணில் நிறமி ஏறிவிட்டதா, விரல்கள் பிரிந்துவிட்டனவா என்று பார்த்து முதல் எட்டு வாரங்களை 23 நிலைகளாகப் பிரித்தார். சிதம்பரத்திலும் புதுச்சேரியிலும் முதலாண்டு மருத்துவ மாணவர்கள் இன்று படிக்கும் கருவியலுக்கு அடிப்படை இந்த நிலைகள்தான்.

அதிலும் முதல் இரண்டு வாரம் வெறுமையாகவே இருந்தது. அதை நிரப்பியவர்கள் பாஸ்டன் பகுதியில் பணியாற்றிய ஆர்தர் ஹெர்டிக், ஜான் ராக் இருவரும். உடல்நலக் காரணங்களுக்காகக் கர்ப்பப்பை நீக்கும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 200-க்கும் மேற்பட்ட பெண்களிடம், மாதவிடாய்த் தேதியையும் கணவரோடு சேர்ந்த தேதியையும் குறித்துவைக்கச் சொன்னார்கள். 1938 முதல் 1950-கள் வரை நடந்த இந்த ஆய்வில், நீக்கப்பட்ட கர்ப்பப்பைகளிலிருந்து 34 கருக்கள் கிடைத்தன. இன்று நாம் கேட்கும் சம்மதப் படிவம் அன்று கிடையாது. பாடப்புத்தகங்களில் அறிஞர்களின் பெயர் நிற்கிறது; அந்தப் பெண்கள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் படங்களைப் பாடம் நடத்தும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ராக்கின் உதவியாளர் மிரியம் மென்கின், 1944 பிப்ரவரியில் உடலுக்கு வெளியே மனித முட்டையை முதன்முதலில் கருவுறச் செய்தார். பல் முளைக்கும் கைக்குழந்தையால் இரவெல்லாம் தூக்கமில்லாமல் ஆய்வகத்துக்கு வந்தவர், வழக்கத்தைவிட அதிக நேரம் விந்தணுவையும் முட்டையையும் சேர்த்து வைத்துவிட்டார். அதுவே பலித்தது. 1978-இல் இங்கிலாந்திலும், சில வாரங்களில் கொல்கத்தாவிலும் சோதனைக்குழாய்க் குழந்தைகள் பிறந்த பாதையின் தொடக்கம் இது.

உயிரோடு வளரும் கருவை அளக்கும் வசதி வந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். அங்கே 1958-இல் இயான் டொனால்ட் குழு மீயொலிப் படங்களை, அதாவது இன்றைய ஸ்கேனின் முன்னோடியை, வெளியிட்டது. 1973-இல் ஹ்யூ ராபின்சன் தலை முதல் பிட்டம் வரையுள்ள நீளத்தை ஸ்கேனில் அளந்து வயது சொல்லும் முறையைக் கொடுத்தார்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில்தான் இன்னும் இருட்டு மிச்சமிருக்கிறது. சுமார் 22-ஆம் நாள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் நரம்புக் குழாய் 28-ஆம் நாள் வாக்கில் மூடிக்கொள்கிறது. அப்போது அந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். முந்தைய குழந்தைக்கு இந்தக் குழாய் மூடாத குறை இருந்த பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்த பிறகு மாத்திரை வாங்கினால், இந்த ஒரு குறையைப் பொறுத்தவரை பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டிய மாத்திரை அது.

ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று பிரிட்டனில் அரசு அமைத்த வார்னாக் குழு 1984-இல் பரிந்துரைத்தது; 1990-இல் அது சட்டமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெறிகளும் அதே வரம்பை வைத்திருக்கின்றன. ஏறக்குறைய அந்த நாளில்தான் கருவில் மெல்லிய கீற்று ஒன்று தோன்றி, தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்று முடிவாகிறது. 2016-இல் இரண்டு குழுக்கள் 13-ஆம் நாள் வரை வளர்த்து, வரம்புக்கு முன்பே நிறுத்தின.

அதற்கு அடுத்த நாட்களைக் காட்டும் ஒரு கரு, தாயின் சம்மதத்தோடு பிரிட்டனின் கரு வங்கி ஒன்றுக்குக் கிடைத்தது. வயது 16 முதல் 19 நாள். அதன் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று படித்து 2021-இல் வெளியிட்டார்கள். ரத்த அணுக்கள் அதற்குள் உருவாகிவிட்டிருந்தன. நரம்பு மண்டலத்தின் வேலை இன்னும் தொடங்கவில்லை.