அடுக்கிக் கொண்டுவர வேண்டாம்

பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், பழைய ஆவணங்களைக் காக்கும் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பழைய அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் கசியும். அந்த வாடைதான் அது. பக்கத்தில் இருக்கும் ஃபிலிமையும் கெடுத்துவிடும். அதனால் முதல் வேலை, அந்தப் பெட்டியைத் தனியாகப் பிரித்துக் குளிர்ச்சியான அறைக்கு அனுப்புவது.

கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில், கிச்சனர் – வாட்டர்லூ இரட்டை நகரங்களில் ஆவணக் காப்பாளராக இருக்கிறேன். வினிகர் வாடையைவிட நான் அதிகம் பயப்படுவது ஒன்று உண்டு: சுத்தமாக அடுக்கிக் கொண்டுவரப்படும் பெட்டி.

ஒரு முறை ஓர் அம்மா தன் அப்பாவின் கடிதங்களைக் கொண்டுவந்தார். அப்பா வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஆரம்பகால மாணவர்களில் ஒருவர். 1957-இல் தொடங்கிய அந்தப் பொறியியல் படிப்பில் சில மாதம் வகுப்பு, சில மாதம் ஆலையில் சம்பளத்துக்கு வேலை. கடிதங்கள் தேதி வாரியாக, ஸ்டேப்ளர் போட்டு, பிளாஸ்டிக் உறையில் இருந்தன. "தபால் உறைகள் எங்கே?" என்றேன். "அழுக்காக இருந்தது, எறிந்துவிட்டேன்" என்றார். அஞ்சல் முத்திரை இருந்திருந்தால் அந்தப் பையன் எந்த ஊர் ஆலையில் வேலை பார்த்தான் என்று தெரிந்திருக்கும். கடிதத்திலோ "இங்கே குளிர் அதிகம்" என்றுதான் இருந்தது. கனடாவில் அதை வைத்து எந்த ஊரைக் கண்டுபிடிப்பது?

பல்கலைக்கழகத்தின் கதை பல்கலைக்கழகக் கோப்புகளில் மட்டும் கிடைத்துவிடாது. அதன் முதல் தலைவர் ஜெரால்ட் ஹேகி, கல்வித்துறைக்கு வருமுன் கிச்சனரில் பி.எஃப். குட்ரிச் டயர் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஊர்த் தொழிலதிபர்களின் ஆதரவோடு எழுந்த நிறுவனம் அது. ஆகவே பாதிக் கதை ஊர்க்காரர்களின் பரணில் கிடக்கிறது.

ஊரின் பெயரே ஒரு பாடம். 1916 செப்டம்பர் வரை கிச்சனருக்கு பெர்லின் என்று பெயர். ஜெர்மன் குடியேறிகள் நிறைந்த ஊர். முதல் உலகப்போர்க் காலத்தில் வாக்கெடுப்பு நடத்தி மாற்றினார்கள். பழைய பில் புத்தகத்தில் 'பெர்லின்' என்பதை அடித்துவிட்டு மேலே ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தால், அச்சடித்த தாளை வீணாக்க மனமில்லாத கடைக்காரர் கண்முன் வந்து நிற்பார். "இது கிழிந்த பில்தானே" என்று வீட்டில் முதலில் கழித்துக் கட்டுவது இதைத்தான்.

படங்களும் அப்படியே. உள்ளூர் நாளிதழ் 'ரெக்கார்ட்' கொடுத்த நெகட்டிவ்கள் வாட்டர்லூ பல்கலைக்கழகக் காப்பகத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பேப்பரில் வந்தது ஒரு படம் என்றால், வராமல் நெகட்டிவ் உறைக்குள்ளேயே தங்கிவிட்ட படங்கள் பல. கிங் தெருக் கடைப் பலகைகள் அந்த வராத படங்களின் ஓரத்தில்தான் அகப்படும். உறையிலிருந்து பிரித்துவிட்டால் எந்த நாள், என்ன நிகழ்ச்சி என்பதெல்லாம் போச்சு. ஒருவரிடமிருந்து வந்ததை இன்னொருவருடையதோடு கலக்காமல், அவர் வைத்திருந்த வரிசையிலேயே வைப்பது எங்கள் தொழிலின் அடிப்படை.

சரி, அப்போது வீட்டில் என்னதான் செய்யலாம்? படத்தில் இருப்பவரின் பெயர் தெரிந்தால், பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. ஸ்கேன் செய்துவிட்டோமே என்று அசலைத் தூக்கிப் போடாதீர்கள். பலர் பின்பக்கத்தை ஸ்கேன் செய்வதே இல்லை. பரணும் நிலவறையும் வேண்டாம், படுக்கையறை அலமாரி போதும்.

நம் தமிழ் வீடுகளுக்கும் இது பொருந்தும். இங்குள்ள ஒரு குடும்பத்திடம் பொங்கல் விழாக் கணக்கு நோட்டுகளைக் கேட்டிருக்கிறேன். "மண்டப வாடகையும் வடைக் கணக்கும்தானே தம்பி, இதுவா வரலாறு?" என்று சிரித்தார்கள். அப்புறம் ஒரு நாள் போன் வந்தது: கட்டிவைத்த ரப்பர் பேண்டைக் கழற்றலாமா? அது இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மட்டும் சரி என்றேன்.